மலையில் நைட்ரோ கார் ஸ்டார்ட் ஆகாவிட்டால்: அறிகுறி வாரியாகப் பழுது பார்க்கும் முறை

நைட்ரோ கார் என்பது மெத்தனால், நைட்ரோமீத்தேன் கலந்த எரிபொருளில் ஓடும் சிறிய ரிமோட் கண்ட்ரோல் கார். அதன் ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தால் வரவில்லை, அல்லது எலக்ட்ரிக் ஸ்டார்ட்டர் முக்கி முனகி நின்றுவிடுகிறது என்றால் யாருக்கும் முதல் சந்தேகம் ஸ்டார்ட்டர் மேல்தான் வரும். ஊட்டியிலும் குன்னூரிலும் அந்தச் சந்தேகம் பெரும்பாலும் தப்பு. கோவையில் டியூன் செய்த எஞ்சின் மலை ஏறியதும் எரிபொருளை அளவுக்கு மீறிக் குடிக்கும். உள்ளே தேங்கிய எரிபொருளை எதிர்த்துச் சுற்ற முடியாமல் ஸ்டார்ட்டர் அடி வாங்கும். கயிறு அறுவதும், ஒன்வே பேரிங் (ஒரு திசையில் மட்டும் பூட்டிச் சுற்றவைக்கும் பேரிங்) வழுக்குவதும், மோட்டார் சூடாவதும் பல நேரம் அதன் பின்விளைவுகள்தான். அதனால் ஸ்டார்ட்டரின் ஸ்க்ரூவில் கை வைக்கும் முன் குளோ பிளக்கை (சூடான கம்பிச்சுருளால் எரிபொருளைப் பற்றவைக்கும் பிளக்) கழற்றிப் பாருங்கள்.

இங்கே சொல்வது .12 முதல் .28 வரையிலான (கன அங்குலக் கொள்ளளவு) கார், பக்கி, டிரக் எஞ்சின்களுக்குப் பொருந்தும். ஸ்டார்ட்டர் மூன்று வகை: கயிறு இழுக்கும் புல் ஸ்டார்ட், எஞ்சினின் பின்பக்கம் மோட்டாரால் சுற்றும் வகை (டிராக்சாஸின் ஈசி ஸ்டார்ட், எச்பிஐயின் ரோட்டோ ஸ்டார்ட் போன்றவை), காரையே மேலே வைத்து அழுத்தும் ஸ்டார்ட்டர் பாக்ஸ்.

முதலில் செய்ய வேண்டிய ஒரே சோதனை

இக்னைட்டரை (பிளக்கைச் சூடாக்கும் பேட்டரிக் கருவி) எடுத்துவிடுங்கள். 8 மிமீ பாக்ஸ் ஸ்பேனரால் பிளக்கைக் கழற்றுங்கள். அடியில் இருக்கும் சின்னச் செம்பு வாஷர் எங்காவது விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் (டர்போ பிளக் என்றால் வாஷர் இருக்காது). இப்போது ஸ்டார்ட்டரை இயக்குங்கள்.

எஞ்சின் தடையில்லாமல் விர்ரென்று சுற்றினால் ஸ்டார்ட்டரில் குறை இல்லை. வெள்ளமோ (எஞ்சினுக்குள் எரிபொருள் தேங்குவது), பிளக்கோ, டியூனிங்கோ பார்க்க வேண்டும். பிளக் இல்லாமலும் எஞ்சின் சுற்றவில்லை, ஆனால் பிளைவீலை (எஞ்சின் அச்சில் உள்ள கனத்த சக்கரம்) கையால் சுற்றினால் சுற்றுகிறது என்றால் குறை ஸ்டார்ட்டரில். பிளைவீலே கையில் அசையவில்லை என்றால் எஞ்சின் இறுகியிருக்கிறது. இந்த மூன்றில் எது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கயிறு பாதியில் கல்லாக நிற்கிறது, அல்லது மோட்டார் 'ம்ம்' என்று முனகி நிற்கிறது

மலையில் அடிக்கடி வரும் புகார் இதுதான். பிஸ்டனுக்கு மேலே திரவமாக எரிபொருள் நின்றால் அதை அழுத்திச் சுருக்க முடியாது. பலம் கொடுத்து இழுத்தால் கயிறு அறும். ஸ்டார்ட்டர் பாக்ஸில் வைத்து அழுத்தினால் கனெக்டிங் ராடே வளையலாம். பலத்தைக் காட்ட வேண்டிய இடம் இதுவல்ல.

பிளக்கைக் கழற்றி, ஹெட்டின் மேல் ஒரு பழைய துணியைப் போட்டு, காரைத் தலைகீழாகப் பிடியுங்கள். ஐந்தாறு முறை மெதுவாக இழுங்கள். பிளக் ஓட்டை வழியாக எரிபொருள் பீய்ச்சி அடிக்கும். துணி இல்லாவிட்டால் நேராக முகத்துக்கு வரும். மெத்தனால் கண்ணுக்குக் கெடுதல். துணியில் ஈரம் படுவது நிற்கும்வரை செய்யுங்கள். பிறகு சைலன்சர் அல்லது டியூன்டு பைப்பைச் சாய்த்து, அதில் தேங்கியதையும் வடியுங்கள். இதை விட்டுவிட்டால், காரை நிமிர்த்தியதும் பைப்பில் இருப்பது எக்சாஸ்ட் வழியாகத் திரும்ப உள்ளே வரும். எஞ்சின் மறுபடியும் மூழ்கும்.

வெள்ளத்துக்கு ஒரு காரணம் பிரைம் செய்வதில் (ஸ்டார்ட் செய்யும் முன் எரிபொருளைக் கார்புரேட்டர்வரை ஏற்றுவதில்) காட்டும் தாராளம். சைலன்சர் வாயை விரலால் மூடி இழுக்கும்போது டியூபில் எரிபொருள் ஏறுவது கண்ணுக்குத் தெரியும். அது கார்புரேட்டரைத் தொட்டதும் விரலை எடுத்துவிட வேண்டும். இன்னும் இரண்டு இழு இழுத்தால் நல்லதுதானே என்று நினைப்பவர்களின் பிளக்தான் நனைந்து போகிறது. நேற்று ஓட்டிய கார் என்றால் டியூபில் ஏற்கெனவே எரிபொருள் இருக்கும், பிரைமே தேவைப்படாது.

இன்னொரு காரணம் உயரம். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர், குன்னூர் சுமார் 1,850. ஊட்டியில் காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்று குறைகிறது, கார்புரேட்டரின் நீடில் (எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் திருகு) விடும் எரிபொருள் அதே அளவில் குறைவதில்லை. அதனால் கலவை ரிச், அதாவது எரிபொருள் அதிகம். ஹை ஸ்பீட் நீடிலை ஒரு நேரத்தில் எட்டில் ஒரு சுற்று மட்டும் வலப்பக்கம் மூடிப் பாருங்கள். கீழே சரியாக ஓடிய எஞ்சினுக்கு மேலே மொத்தமாகக் கால் சுற்று முதல் அரைச் சுற்று வரை மூட வேண்டி வரலாம். ஆரம்ப நிலை மறந்துபோனால், நீடிலை மெதுவாக முழுசாக மூடி (இறுக்கக் கூடாது, நீடில் உட்காரும் இடம் கெட்டுவிடும்) எஞ்சினின் கையேட்டில் சொன்ன சுற்று அளவுக்குத் திறங்கள். பல எஞ்சின்களில் அது 3 முதல் 4 சுற்றுக்குள் இருக்கும். அங்கிருந்து மலைக்கான அளவுக்கு மூடி வாருங்கள். எத்தனை சுற்று என்பதை டேப்பில் எழுதிச் சேசிஸின் அடியில் ஒட்டி வைத்தால் அடுத்த முறை தேட வேண்டாம்.

வெள்ளம் இல்லை, ஆனாலும் பிளைவீல் ஒரே இடத்தில் பிடிக்கிறது

பிஸ்டன் மேல்முனைக்கு வரும் இடத்தில் பிடிப்பது புது எஞ்சினுக்கு இயல்பு. ஏபிசி வகை எஞ்சின்களில் (அலுமினிய பிஸ்டன், குரோம் பூசிய பித்தளை ஸ்லீவ்) பிஸ்டன் ஓடும் குழாயான ஸ்லீவ் மேலே போகப் போகக் குறுகும். சூடானதும் விரிந்து சரியான இடைவெளி கிடைக்கும்படி செய்திருக்கிறார்கள். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்த காலையில் அதே எஞ்சின் இன்னும் இறுக்கமாக இருக்கும். அதைக் கயிற்றால் அடக்கப் பார்த்தால் ஸ்டார்ட்டர்தான் தோற்கும்.

ஹேர் டிரையரால் ஹெட்டையும் கிராங்க் கேஸையும் ஐந்து நிமிடம் சூடாக்குங்கள். ஹெட்டில் விரலை வைத்தால் ஒன்றிரண்டு விநாடிக்கு மேல் தாங்க முடியாத சூடு போதும். டேங்கில் எரிபொருள் ஊற்றும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும். டிரையருக்குள் சிவக்கும் கம்பி இருக்கிறது, மெத்தனால் ஆவி பக்கத்தில் இருக்கக் கூடாது. அடுப்பு, மெழுகுவர்த்தி, கணப்புச் சட்டி எதையும் நினைத்தே பார்க்காதீர்கள். மெத்தனால் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது.

முழுக்கச் சிக்கிக்கொண்ட எஞ்சின் என்றால், பிளக் ஓட்டையில் நாலைந்து சொட்டு ஆஃப்டர் ரன் எண்ணெய் (ஓட்டி முடித்ததும் எஞ்சினுக்குள் விடும் எண்ணெய்) விட்டு, சூடாக்கி, பிளைவீலின் பள்ளத்தில் தட்டை ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து, வழக்கமாகச் சுற்றும் திசைக்கு எதிராக மெல்ல நெம்புங்கள். கட்டிங் பிளையரால் பிளைவீலைக் கடிக்க வேண்டாம். விடுபட்ட பிறகு இது திரும்ப வராமலிருக்க, ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் பிஸ்டனைக் கீழ்முனையில் நிறுத்தி ஆறவிடுங்கள். பிளைவீலில் ஒரு பெயின்ட் புள்ளி வைத்துக்கொண்டால் கீழ்முனை எது என்று பார்த்தவுடன் தெரியும். நீண்ட நாள் கிடந்த காரில் எரிபொருளில் கலந்திருக்கும் ஆமணக்கு எண்ணெய் பசையாகிப் பிடித்திருக்கலாம். அதற்கும் சூடுதான் மருந்து.

ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் சுற்றவில்லை

மோட்டார் காலி மிக்ஸி ஜார் போல எதையும் பிடிக்காமல் ஓடும். புல் ஸ்டார்ட்டில் கயிறு எந்தத் தடையும் இல்லாமல் வழவழவென்று வரும். இது உண்மையான ஸ்டார்ட்டர் கோளாறு. சந்தேகப்பட வேண்டியவை ஒன்வே பேரிங், ஸ்டார்ட்டர் ஷாஃப்ட், எலக்ட்ரிக் என்றால் கூடுதலாகப் பல்சக்கரம்.

பின்பக்கம் உள்ள நாலு ஸ்க்ரூவையும் கழற்றி ஸ்டார்ட்டரை வெளியே எடுங்கள். ஷாஃப்டை ஒன்வே பேரிங்கில் செருகி இரு பக்கமும் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் தாராளமாகச் சுற்ற வேண்டும், மறுபக்கம் உடனே பூட்ட வேண்டும். இரண்டு பக்கமும் சுற்றினால் பேரிங் வழுக்குகிறது. உடனே மாற்றிவிடத் தேவையில்லை. உள்ளே இருக்கும் ஊசி உருளைகளில் கெட்டியான எண்ணெயோ கிரீஸோ அடைத்திருந்தால் அவை சாய்ந்து ஷாஃப்டைப் பிடிக்க முடியாது. குளிரில் இது சகஜம்: கோவையில் பிடித்த பேரிங் ஊட்டியில் காலை ஏழு மணிக்கு வழுக்கும், பதினோரு மணி வெயிலில் தானாகவே சரியாகும். அப்படி நேரத்துக்கு ஒரு விதமாக நடந்தால் குற்றவாளி கிரீஸ்தான். பிரேக் கிளீனரைப் பேரிங்குக்குள் அடித்து (பிளாஸ்டிக் பாகங்களிலும் ரப்பர் ஓ-ரிங்கிலும் படாமல்), காயவிட்டு, மெல்லிய இயந்திர எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விடுங்கள். கிரீஸ் வேண்டாம்.

சுத்தம் செய்த பிறகும் வழுக்கினால் ஷாஃப்டை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். உருளைகள் உட்காரும் இடத்தில் பளபளவென்று ஒரு வளையம் தேய்ந்திருக்கும். நகத்தை ஓட்டினால் பள்ளம் தட்டும். அப்படி இருந்தால் பேரிங்கை மட்டும் புதிதாகப் போட்டுப் பயனில்லை, இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஷாஃப்டின் உள்முனை கிராங்கின் பின்னைப் பிடிக்கும் இடம் மழுங்கியிருக்கிறதா, அறுகோண முனை உருண்டையாகிவிட்டதா என்பதையும் அப்போதே பாருங்கள். பாகம் வாங்கும்போது எஞ்சின் மாடலைச் சொல்லி வாங்குங்கள். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் ஷாஃப்டுகள் நீளத்தில் சில மில்லிமீட்டர் மாறும். தவறான நீளம் போட்டால் பேக் பிளேட் சரியாக உட்காராது, அங்கே காற்று கசியும்.

பேரிங்கைத் திரும்பப் பொருத்தும்போது பூட்டும் திசையைக் கவனியுங்கள். தலைகீழாகப் போட்டால் புதுப் பேரிங்கும் வழுக்கும், புதுப் பாகமே மோசம் என்று தோன்றும்.

எலக்ட்ரிக் வகையில் மோட்டார் ஓடும்போது 'கரகர' சத்தம் வந்தால் கியர் பெட்டியைத் திறந்து பல் உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். மேலே சொன்ன வெள்ளத்தில் ஸ்டார்ட்டரை அழுத்திப் பிடித்தவர்களுக்கு இது வரும்.

கயிறு உள்ளே திரும்பிப் போகவில்லை

சுருள்வில் அறுந்திருக்கும், கொக்கியிலிருந்து கழன்றிருக்கும், அல்லது செம்மண் புகுந்திருக்கும். தேயிலைத் தோட்டப் பாதைகளின் ஈரமண் காய்ந்தால் சிமென்ட் மாதிரி ஒட்டும். பெட்டியைத் திறக்கும்போது வில் துள்ளி வெளியே வரும். கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு பாலித்தீன் பைக்குள் வைத்துத் திறப்பது நல்லது. கயிறு அறுந்திருந்தால் அதே தடிமனில் பின்னிய நைலான் கயிறு போட்டு, முனையை நெருப்பில் லேசாக உருக்கி முடிச்சிடுங்கள் (எரிபொருள் இருக்கும் இடத்திலிருந்து விலகி). மறுபடி அறாமலிருக்க, கயிற்றைக் கடைசிவரை இழுக்காமல் 30 செமீக்குள் சின்னச் சின்ன வேக இழுப்பாக இழுத்துப் பழகுங்கள்.

பட்டனை அழுத்தினால் ஒன்றுமே இல்லை, அல்லது மெதுவாகச் சுற்றுகிறது

பேட்டரியிலிருந்து ஆரம்பியுங்கள். 7.2 வோல்ட் நிக்கல் பேக் முழு சார்ஜில் 8 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். சும்மா வைத்து அளந்தால் போதாது. ஸ்டார்ட்டரை அழுத்திக்கொண்டே மல்டிமீட்டரைப் பாருங்கள். 6 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் பேக் தளர்ந்துவிட்டது. குளிரில் நிக்கல் பேக், லெட் ஆசிட் இரண்டுமே சோர்ந்து போகும். ஓட்டும் இடத்துக்குப் போகும்வரை பேக்கை ஸ்வெட்டர் பாக்கெட்டில் வைத்துக்கொள்வது நல்ல பலன் தரும்.

பேட்டரி சரி என்றால் கனெக்டர். பனிமூட்டத்தில் பித்தளை முனைகள் பச்சை பூத்துக் கிடக்கும்; உப்புத்தாளால் தேய்த்தால் போதும். அதன் பிறகு ஒயர், சுவிட்ச், கடைசியாக மோட்டாரின் கார்பன் பிரஷ். சில ஸ்டார்ட்டர்களில் மோட்டார் திணறினால் மின்சாரத்தைத் தானாக வெட்டிவிடும் பாதுகாப்பு உண்டு. அங்கே 'ஒன்றும் இல்லை' என்பதன் பொருள் எஞ்சின் இறுகியிருக்கிறது என்பதுதான். முதல் சோதனைக்குத் திரும்புங்கள். எந்த மோட்டாரையும் ஒரே மூச்சில் ஐந்து விநாடிக்கு மேல் ஓட்டாதீர்கள்.

ஸ்டார்ட்டர் பாக்ஸில் ரப்பர் சக்கரம் பிளைவீலில் தேய்ந்து புகை வந்தால், சக்கரத்தில் எண்ணெய் பட்டிருக்கும், அல்லது காரை நிறுத்தும் ஊசிகள் சரியான இடத்தில் இல்லாமல் சக்கரம் பிளைவீலின் ஓரத்தை மட்டும் தொடும். ஊசிகளை நகர்த்தி நேராக்குங்கள். எஞ்சின் எதிர்த்திசையில் சுற்றுகிறது என்றால் பேட்டரி ஒயரை மாற்றிக் கொடுத்திருக்கிறீர்கள்.

நன்றாகச் சுற்றுகிறது, ஒரு வெடிப்புக்கூட இல்லை

பிளக்கைக் கழற்றி இக்னைட்டரில் மாட்டிப் பாருங்கள். நிழலில் வைத்துப் பார்க்க வேண்டும். கம்பிச்சுருள் முழுவதும் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் எரிய வேண்டும். மங்கலான சிவப்பு என்றால் இக்னைட்டர் சார்ஜ் போதவில்லை. ஒரு சுற்று மட்டும் எரிந்து மற்றது இருட்டாக இருந்தாலும், சுருள் நசுங்கியிருந்தாலும், வெள்ளை பூத்திருந்தாலும் பிளக்கை மாற்றுங்கள். வெளிச்சமே இல்லை என்றால் பிளக்கின் நடு முனைக்கும் உடலுக்கும் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். தொடர்ச்சி காட்டாவிட்டால் சுருள் அறுந்திருக்கிறது.

வெளியே ஆரஞ்சாக எரியும் பிளக் உள்ளே நனைந்தால் அணைந்துவிடும், குறிப்பாக இக்னைட்டர் சோர்ந்திருக்கும்போது. மலையில் சமவெளியைவிட ஒரு படி சூடான பிளக் போடுவது நல்லது: குளிரும் இருக்கிறது, காற்று குறைவதால் சிலிண்டருக்குள் அழுத்தமும் குறைகிறது. கையில் எப்போதும் இரண்டு பிளக் இருக்கட்டும். இங்கே தெருக்கடையில் கிடைக்கிற சாமான் இல்லை அது.

பிளக் நல்லது என்றால் எரிபொருள். மெத்தனால் ஏறக்குறைய 11 டிகிரிக்குக் கீழே தீப்பற்றும் அளவுக்கு ஆவியாகாது. ஊட்டியின் குளிர்காலக் காலை அதற்கும் கீழே. எரிபொருள் பாட்டிலை மூடியோடு வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் வைத்து எடுத்தால் வித்தியாசம் உடனே தெரியும். இன்னொன்று, மெத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். ஜூன், ஜூலை மூடுபனியில் மூடி தளர்ந்து கிடந்த பாட்டிலை நம்பாதீர்கள். பெரிய கேனைத் திறந்தால் அரை லிட்டர் பாட்டில்களில் நிரப்பி, ஒவ்வொன்றாகப் பயன்படுத்துங்கள். நைட்ரோமீத்தேன் 20 முதல் 25 சதவீதம் உள்ள கலவை குளிரில் எளிதாகப் பற்றும். பேருந்திலோ மலை ரயிலிலோ இதைக் கொண்டுவர அனுமதி இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

பிளக் காய்ந்தே வெளியே வந்தால் எரிபொருள் உள்ளே போகவில்லை. டேங்க் மூடியின் ரப்பர், சைலன்சரிலிருந்து டேங்குக்குப் போகும் பிரஷர் டியூப், டேங்குக்குள் இருக்கும் வடிகட்டி ஆகியவற்றைப் பாருங்கள். சிலிகான் டியூபில் ஊசிமுனை ஓட்டை இருந்தால் காற்றுக் குமிழ்கள் வரிசையாக ஓடுவது தெரியும். கார்புரேட்டர் வாய் முழுசாக மூடியிருந்தாலும் பற்றாது. ஏர் ஃபில்டரைக் கழற்றி, ரிமோட்டை ஆன் செய்து, ஏறக்குறைய 1 மிமீ இடைவெளி தெரிகிறதா பாருங்கள்.

இக்னைட்டர் இருக்கும்வரை ஓடுகிறது, எடுத்ததும் நிற்கிறது

பிளக் வயதாகியிருக்கும், இல்லாவிட்டால் ஐடில் (ஆக்சிலரேட்டர் கொடுக்காமல் எஞ்சின் ஓடும் நிலை) கலவை ரிச். முதலில் பிளக்கை மாற்றுங்கள், விலை குறைந்த வழி அதுதான். மாறவில்லை என்றால் எஞ்சினை ஒரு நிமிடம் ஓடவிட்டு, மெதுவாக ஆக்சிலரேட்டர் கொடுத்து உள்ளே சேர்ந்ததைக் கக்கவைத்து, பிறகு இக்னைட்டரை எடுங்கள். அப்போதும் வேகம் இறங்கி இறங்கி நின்றால் லோ ஸ்பீட் நீடிலைப் பன்னிரண்டில் ஒரு பங்கு சுற்று மூடுங்கள். மாறாக, நிற்கும் முன் வேகம் கூடி 'வீங்' என்று ஏறி நின்றால் கலவை லீன், அதாவது எரிபொருள் குறைவு. அதே அளவு திறங்கள்.

குளிருக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள் வைத்து இதையெல்லாம் செய்யாதீர்கள். எக்சாஸ்ட் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது.

ஸ்டார்ட் ஆன உடனே கார் ஓடப் பார்க்கிறது

ஐடில் அதிகம், அல்லது கிளட்ச் ஸ்பிரிங் அறுந்திருக்கிறது. ஐடில் ஸ்க்ரூவைக் குறைத்தும் சக்கரம் சுற்றினால் கிளட்ச் பெல்லைக் கழற்ற வேண்டியதுதான்.

குளிர்ந்த எஞ்சின் எடுக்கிறது, சூடான எஞ்சின் எடுக்கவில்லை

இங்கே ஒரு மலைப்பாதைச் சங்கதி உண்டு. ஊட்டிக்கு ஏற்ப நீடிலை மூடிய காரை, சுமார் 325 மீட்டரில் இருக்கும் மேட்டுப்பாளையத்துக்கோ அதற்கும் கீழேயோ கொண்டுபோய் அப்படியே ஓட்டினால் கலவை லீன் ஆகி எஞ்சின் கொதிக்கும். ஆஃப் செய்த பிறகு எடுக்காது. கீழே இறங்கியதும் முதல் வேலையாக, எத்தனை மூடினீர்களோ அத்தனை திறங்கள். கூடவே எட்டில் ஒரு சுற்று கூடுதலாகத் திறந்து தொடங்குவது எஞ்சினுக்குப் பாதுகாப்பு. அகச்சிவப்பு வெப்பமானி இருந்தால் பிளக் அருகே 95 முதல் 120 டிகிரி செல்சியஸ் வரை சரி. இல்லாவிட்டால் ஹெட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள்: மூன்று நான்கு விநாடியில் கொதித்து ஆவியானால் பரவாயில்லை, பட்டவுடன் தெறித்தால் அதிக சூடு. அழுத்தம் கூட்ட ஹெட்டின் அடியிலிருந்து ஒரு ஷிம்மை (மெல்லிய உலோக வளையம்) எடுத்துவிட்டு மலையில் ஓட்டுபவர்கள், கீழே வரும்போது அதைத் திரும்பப் போட மறக்கக் கூடாது.

டியூன் சரியாக இருந்தும் சூட்டில் எடுக்கவில்லை என்றால், ஹெட்டின் மேல் ஈரத்துணியைச் சுற்றி இரண்டு நிமிடம் கழித்து முயலுங்கள். அப்போது எடுத்தால் பிஸ்டனும் ஸ்லீவும் தேய்ந்து சூட்டில் அழுத்தம் நிற்கவில்லை என்று பொருள். பிளக்கைப் போட்டபடி பிளைவீலைக் கையால் சுற்றிப் பார்த்தும் உறுதி செய்யலாம்: ஆறிய நிலையில்கூட மேல்முனையில் பிடிப்பு தெரியவில்லை என்றால் பிஸ்டன்-ஸ்லீவ் செட்டை மாற்ற வேண்டும். அத்தோடு கனெக்டிங் ராடையும் மாற்றிவிடுங்கள். பிஸ்டன் தேயும் அளவு ஓடிய எஞ்சினில் ராடின் கீழ் புஷ்ஷும் ஆடிக்கொண்டுதான் இருக்கும்.